‘நான்’ என்பதை யார் எழுதுகிறார்கள்?

கதை, பாட்டு, சினிமா, செல்போன் எல்லாம் சேர்ந்து நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்தை எப்படி மாற்றுகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: படம், சீரியல், பாட்டு எல்லாம் பொழுதுபோக்கு. இவற்றைப் பார்த்தா ஒருவர் ‘நான் யார்’ என்று முடிவு செய்யப்போகிறார்? நீங்கள் ரொம்பவே பெரிதுபடுத்துகிறீர்கள்.

பதில்: பெரிதுபடுத்தவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜி நாட்டில் நத்ரோகா என்றொரு பகுதி. அங்கே தொலைக்காட்சி வந்ததே 1995-இல்தான். ஆன் பெக்கர் என்பவர் மானுடவியலாளர், மனநல மருத்துவரும்கூட. டிவி வந்த சில வாரங்களில் அங்குள்ள பள்ளி மாணவிகள் 63 பேரிடம் சாப்பாடு, உடம்பு பற்றியெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1998-இல் மறுபடி போய் 65 மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார். எடை குறைய வேண்டும் என்று வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். இத்தனைக்கும், நல்ல பூசினாற்போன்ற உடம்பைத்தான் தலைமுறை தலைமுறையாக அழகு என்று கொண்டாடி வந்த ஊர் அது.

சின்ன ஆய்வுதான். மூன்று வருடத்தில் அங்கே வேறு பலவும் மாறியிருக்கும், டிவி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசியபோது கிடைத்த பதில்களைப் படித்தால் உங்களுக்கும் மனசு கனத்துப்போகும். சீரியலில் வரும் பெண்களைப் போல ஒல்லியாக இருந்தால் வேலை கிடைக்கும், முன்னுக்கு வரலாம் என்றார்கள். ஒரு வாழ்க்கையைப் பார்த்திருக்கிறார்கள், அதற்குள் நுழைய என்ன தகுதி வேண்டும் என்பதையும் கூடவே படித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘நீ குண்டு’ என்று எந்தக் கதாபாத்திரமும் அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. உலகம் யாரை மதிக்கிறது என்று மட்டும் அந்தக் கதைகள் காட்டின, மிச்சத்தை அந்தப் பெண்களே போட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது, காது மெஷின் போட்டிருக்கிறாள். படத்தில் காது கேட்காத ஆள் வந்தாலே எதையோ கேட்டால் எதையோ சொல்லிச் சிரிப்பு மூட்டுவதற்குத்தான் வருகிறார். அந்தக் காட்சி வந்ததும் இவள் சேனலை மாற்றிவிடுகிறாள். இப்போதெல்லாம் வெளியே போகும்போது முடியை இழுத்துவிட்டுக் காதை மறைக்கிறாள். வீட்டில் டிவியே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. அந்தக் காட்சியை அவள் வகுப்பே பார்த்திருக்கிறது, அது அவளுக்கும் தெரியும். அவள் முடியை இழுத்துவிடுவது அந்தக் கண்களுக்காகத்தான். வீட்டில் டிவியை அணைத்துவிட்டால் அந்தக் கண்கள் மாறிவிடாது, அதைப் பற்றி உங்களோடு பேச அவளுக்கு இருக்கும் ஒரு வாய்ப்புதான் போகும்.

சேனலை மாற்றுகிறாள் பாருங்கள், அந்த நொடியை விட்டுவிடாதீர்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். ‘இதை எழுதினவருக்குக் காது கேட்காத ஒருத்தரையாவது நேரில் தெரியுமா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் எழுதினார், ஒருவர் நடித்தார், ஒருவர் சரி என்றார், அவர்கள் மூன்று பேருக்கும் விஷயம் தெரியவில்லை என்று அவளே சொல்லிப் பார்க்கட்டும். அதுவரை அது ‘உலகம் என்னைப் பற்றி நினைப்பது’ என்று இருந்தது, இப்போது யாரோ சிலர் செய்த மோசமான வேலையாகிவிடும்.

அப்புறம், வேறு முகங்களைக் காட்டுங்கள். மார்லீ மேட்லின் 1987-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார், காது கேளாத ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு 21 வயது. 2022-இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரைக் காது கேளாதவரான ட்ராய் கோட்சர் வாங்கினார். இரண்டு பேருக்கும் நடுவே 35 வருட இடைவெளி இருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் மகளோடு உட்கார்ந்து இவர்கள் நடித்த படங்களைப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக் கதைகள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்கிற மாதிரி. குடும்பக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தால் அது வராது, அந்தக் கதைகளைச் சொல்ல யாரோ நேரம் ஒதுக்கி உட்கார்ந்தார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு நடந்து, பிறகு ஒரு நாள் நிமிர்ந்திருப்பார்கள். அவர்கள் கதையில் தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு வானொலி நிலையமே மக்களைக் கொலைக்குத் தூண்டியது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நல்ல கதை சொல்லி மக்களைத் திருத்தவும் முடியுமா?

பதில்: நீங்கள் சொல்வது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் நடந்தது. ஆர்.டி.எல்.எம். என்ற அந்த நிலையம் 1993-இல் தொடங்கியது. இளைஞர்கள் விரும்பிக் கேட்கும்படி பாட்டும் கேலியும் அரட்டையுமாகத்தான் நடத்தினார்கள், அந்த அரட்டைக்கு நடுவே அங்குள்ள சிறுபான்மை இனமான டுட்சி மக்களைக் ‘கரப்பான்பூச்சிகள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1994 ஏப்ரலில் தொடங்கிச் சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கான டுட்சிகள் கொல்லப்பட்டார்கள். நிலையத்தை நிறுவியவர்களில் இருவரை ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அதே நாட்டில் 2004-இல் ஒரு வானொலி நாடகம் ஆரம்பமானது. பகை முற்றிய இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை. எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் சில ஊர் மக்களை ஒரு வருடம் இந்த நாடகத்தைக் கேட்க வைத்தார், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய ஒரு தொடரைக் கேட்க வைத்தார். முடிவு யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘எங்கள் ஊரில் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்’ என்று அவர்கள் கருதியது மாறியிருந்தது, நடத்தையும் மாறியிருந்தது. கடைசி நாளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். அதை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. உடல்நலத் தொடர் கேட்ட ஊர்களில் ‘ஊர் அதிகாரியிடமே இருக்கட்டும்’ என்று பெரும்பாலும் பேச்சு முடிந்துவிட்டது. நாடகம் கேட்ட ஊர்களில் மறுத்துப் பேசினார்கள், விவாதித்தார்கள், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒருவர் மனசுக்குள் இருப்பதைக் கதை அவ்வளவு சுலபமாகப் பிடுங்கிப் போட்டுவிடாது. ஆனால் அடுத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர் போடும் கணக்கை மாற்றிவிடும். மனிதர்கள் நடப்பது பெரும்பாலும் அந்தக் கணக்கை வைத்துத்தான். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், திருத்த முடியும், ஆனால் எல்லோரும் சேர்ந்து கேட்டு, கேட்டதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

கேள்வி: பாட்டுக்கும் இது பொருந்துமா?

பதில்: பாட்டுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். வட ஐரோப்பாவின் சின்ன நாடான எஸ்டோனியாவில் 1869-இலிருந்து மக்கள் கூடிப் பாடும் பாட்டுத் திருவிழா நடக்கிறது. அந்த நாடு சோவியத் ஒன்றியத்தின் ஆட்சியில் இருந்தபோதும் அது நிற்கவில்லை. 1988 செப்டம்பரில் தாலின் நகரத்துப் பாட்டுத் திடலில் சுமார் 3 லட்சம் பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள், நாட்டின் மக்கள்தொகையே அப்போது 15 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கதையைத் தனியாகப் படித்துவிடலாம். சேர்ந்து பாடும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் அதே வரிகள் தெரியும் என்பது அந்த நிமிடமே காதில் விழுந்துவிடுகிறது. 1991-இல் அந்த நாடு மறுபடி சுதந்திரமடைந்தது.

கேள்வி: எனக்கு 19 வயது. ரீல்ஸ் பார்த்துப் பார்த்து எனக்கு உண்மையிலேயே எது பிடிக்கும் என்பதே தெரியாமல் போய்விட்டது. எல்லோரும் ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் அப்படியே இருக்கிறேன்.

பதில்: தம்பி, வானொலி கேட்ட அந்த ஊர்களில் எல்லோரும் ஒரே நாடகத்தைக் கேட்டார்கள், கேட்டு முடித்துச் சண்டை போட முடிந்தது. உங்கள் போனில் ஓடுவது உங்களுக்கு மட்டும் ஓடுகிறது. எதில் உங்கள் விரல் நின்றதோ அதையே இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது, நீங்கள் அதைப் பார்த்து ‘எல்லோரும்’ என்கிறீர்கள். ஒன்று செய்து பாருங்கள். நெருங்கிய நண்பர் ஒருவரோடு பத்து நிமிடம் போனை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய ‘எல்லோரும்’ வேறு ஆட்களாக இருப்பார்கள். பிறகு, பத்து வயதில் யாரும் சொல்லாமலே நீங்கள் மணிக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது எது என்று யோசித்து, அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.