இயக்குநர் மகேந்திரன் படங்களில் வசனம் ஏன் குறைவு?

வசனம் எழுதத் தெரியாமல் அல்ல. 1974-இல் சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கதை வசனம் எழுதியவரே அவர்தான். ஆனாலும் சினிமா என்பது கண்ணால் பார்க்க வேண்டியது என்று உறுதியாக நம்பினார். 1978-இல் 'முள்ளும் மலரும்' மூலம் இயக்குநரானபோது, பாலு மகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும் பக்கம் பக்கமான பேச்சுக்கு ஈடாக நின்றன.

அப்புறம் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த கதை. அதன் முடிவைப் பாருங்கள்: ஊரே ஆற்றங்கரையில் நிற்க, படத்தின் வில்லன் சுந்தரவடிவேலு உயிரை விடத் தானே தண்ணீருக்குள் இறங்குகிறார். சண்டை இல்லை, அடிதடி இல்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். வில்லனுக்கு இதைவிடக் கனமான முடிவைத் தமிழில் நான் பார்த்ததில்லை.