லைனில் கத்தாமல் பீஸ் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியில் (டெய்லருக்குக் கூடமாட உதவும் வேலை) சேர்ந்து, ஓவர்லாக் (ஓரம் மூட்டும் மெஷின்) டெய்லராகி, லைன் (வரிசையாக மெஷின் போட்டு ஆளுக்கு ஒரு பகுதி தைக்கும் இடம்) சூப்பர்வைசராகி, இப்போது ஒரு யூனிட்டின் புரொடக்சனைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 22 வருடம். படிப்பு பத்தாவதுதான், அதனால் மேனேஜ்மெண்ட் தியரி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். லைனில் பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: அக்கா, போன மாதம் வரை பேட்லாக் மெஷினில் (மடிப்புத் தையல்) தைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அதே லைனுக்கு சூப்பர்வைசர். கூடத் தைத்தவர்கள் யாருமே நான் சொல்வதைக் கேட்பதில்லை. கொஞ்சம் கறாராக இருந்தால்தான் சரிவருமா?

பதில்: நானும் முதல் மாதம் கத்தித்தான் பார்த்தேன் தம்பி, தொண்டை கட்டியதுதான் மிச்சம். நேற்று வரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பாதி டீ வாங்கிக் குடித்தவன் இன்றைக்கு அதட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? 8:30-க்கு பெல் என்றால் எட்டு மணிக்கே உள்ளே போய்விடுங்கள். கட்டிங்கிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வந்துவிட்டதா, நூல் கோன் ஷேடு ஒத்துப்போகிறதா, லேபிள் சைஸ் வாரியாகப் பிரித்திருக்கிறதா, நேற்று மக்கர் பண்ணிய மெஷினை மெக்கானிக் பார்த்தாரா, இந்த நாலையும் முடித்து வையுங்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் நூலுக்காக இருபது நிமிடம் காத்திருந்தால் அது அவர் பாக்கெட்டிலிருந்து போகிற காசு. இவன் வந்ததிலிருந்து நமக்குக் காத்திருக்கிற வேலை இல்லை என்று தெரிந்துவிட்டால் பிறகு நீங்கள் சொல்வது தானாகக் காதில் விழும். இன்னொன்று, பழைய கூட்டாளிக்கு மட்டும் சுலபமான ஆபரேஷன் கொடுக்காதீர்கள். அதைத்தான் எல்லோரும் முதல் வாரம் உற்றுப் பார்ப்பார்கள்.

கேள்வி: 30 பேர் லைன், ஒரு நாளைக்கு 1,100 டீ ஷர்ட்தான் வருகிறது. ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்கிறார் முதலாளி. எப்படி வேகப்படுத்துவது?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பீஸுக்கு 6 நிமிட வேலை என்று வையுங்கள். 30 பேர், 8 மணி நேரம், ஆக 14,400 நிமிடம். காகிதத்தில் 2,400 பீஸ் வர வேண்டும், நீங்கள் பாதிகூட எடுக்கவில்லை. சரி, இதை முதலாளியிடம் காட்டினால் இன்னும் நாலு பேரைத் திட்டுவார், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒரு நாள் கையில் நோட்டை வைத்துக்கொண்டு லைன் ஓரமாகச் சும்மா நில்லுங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் பண்டில் குவிகிறது, அதற்கு அடுத்து இருப்பவர் எத்தனை முறை நிமிர்ந்து பார்க்கிறார் என்று மட்டும் குறியுங்கள். நான் பார்த்த லைன்களில் பெரும்பாலும் கழுத்துக்கு ரிப் (கழுத்துப் பட்டித் துணி) வைக்கிற இடத்தில்தான் அடைக்கும். அங்கே மணிக்கு 140 பீஸ் என்றால் மற்ற 29 பேரும் பறந்து தைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 1,120-க்கு மேல் வராது, உங்கள் 1,100 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அந்த ஒரு இடத்தில் இன்னொரு மெஷின் போடுங்கள், அல்லது ரிப்பை முன்கூட்டியே மூட்டி அடுக்கிக் கொடுக்க ஒரு கைமடி ஆளை உட்கார வையுங்கள். அது சரியானதும் அடைப்பு வேறு இடத்துக்குப் போகும், நீங்களும் பின்னாலேயே போங்கள்.

கேள்வி: காலையில் நன்றாகத் தைக்கிறவர்களே மதியத்துக்கு மேல் ஆல்ட்ரேஷன் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்) ஆல்ட்ரேஷனாகப் போடுகிறார்கள். சாப்பாட்டு மயக்கமா?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் மூன்று மணிக்கு மேல் தையல் விட்டுப்போவது, ஊசி முறிவது எல்லாம் வரிசையாக வரும். ஒரு நாள் லைன் பெண்களின் வாட்டர் பாட்டில்களைப் பார்த்தேன், காலையில் ரொப்பியது அப்படியே கழுத்து வரை நிற்கிறது. விசாரித்தால், பாத்ரூம் கீழ்த்தளத்தில், அதற்குப் போக ஆணியில் தொங்குகிற ஒரே ஒரு மரக்கட்டை டோக்கன், அதை எடுத்துப் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, நான்தான். இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் மே மாத வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே தைத்திருக்கிறார்கள், தலைவலியோடு. டோக்கனைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். லைன் நின்றுவிடும் என்று மேனேஜர் குதித்தார், நிற்கவில்லை. மூன்று மணி ஆல்ட்ரேஷன் அந்த வாரமே குறைந்தது. உங்கள் இடத்தில் காரணம் வேறாக இருக்கலாம், டியூப்லைட், ஃபேன், ஸ்டூல் உயரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மயக்கம் என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை ஷிப்ட் ஓட்டாமல் ஷிப்மெண்ட் போகுமா அக்கா?

பதில்: ஒரு நாள் இரண்டு நாள் ஓட்டலாம். வாரம் முழுக்க ஓட்டினால் ராத்திரி தைத்ததைக் காலையில் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மெர்ச்சண்டைசராக (பையரிடம் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை) இருக்கிறேன். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், ஜெர்மனியில். ராத்திரி பத்து மணிக்கும் போன் அடிக்கிறது, குழந்தையோடு சாப்பிடக்கூட முடிவதில்லை.

பதில்: அவர்களுக்கு மாலை ஐந்து என்றால் நமக்கு 8:30, குளிர்காலத்தில் 9:30. ஆபீஸை மூடும் முன் கேட்டுவிடலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள், நீங்கள் ராத்திரி முழுக்க விழித்திருப்பீர்கள் என்று நினைத்து அல்ல. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குள், எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே முந்திக்கொண்டு ஒரு மெயில் போட்டுவிடுங்கள், அங்கே அப்போது மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரைதான் ஆகியிருக்கும். சந்தேகம் இருந்தால் பகலிலேயே கேட்டுவிடுவார்கள். அப்படியும் அடித்தால் அது பெரும்பாலும் உங்கள் ஊர் பாஸாக இருக்கும், அவரிடம் நேரில் பேசுங்கள், மெசேஜில் வேண்டாம்.

கேள்வி: மேனேஜர் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், எங்கள் உடம்பைப் பற்றியும் பேசுகிறார். வேலையை விடுவதுதான் வழியா?

பதில்: இல்லை கண்ணு. உடம்பைப் பற்றிப் பேசுவது 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 10 பேர் வேலை செய்கிற இடமாக இருந்தாலே புகார்க் குழு இருக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம், 181-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது, மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. சூப்பர்வைசர் வேலையே எனக்கு ஒத்துவரவில்லையோ?

பதில்: முதலில் டாக்டரிடம் காட்டி பிபி, சுகர் பாருங்கள். 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். வேலை ஒத்துவருமா என்பதை நாலு நாள் நன்றாகத் தூங்கிய பிறகு யோசியுங்கள். திரும்ப டெய்லராகவே உட்கார்ந்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, எங்கள் யூனிட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார், சம்பளமும் சூப்பர்வைசரைவிட அவருக்கு ஒரு பிடி கூடத்தான்.