கேள்வி உங்களது: விழுந்த விமானம், மூழ்குன டேங்க், மோதுன கப்பல்

தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேர் கிளம்புன ஏர்ஃபோர்ஸ் விமானம் ஏ.என்-32 காணாமப் போச்சே, அது கடைசில கிடைச்சுதா சார்? கண்டுபிடிக்க ஏன் அவ்ளோ வருஷம்?
(சேலையூர் வாசகர்)

கிடைச்சுதுன்னுதான் சொல்லணும். 2016 ஜூலை 22 காலைல 29 பேரோட கிளம்புச்சு, வங்காள விரிகுடாவுக்கு மேல போய்க்கிட்டு இருக்கும்போதே ரேடார்ல இருந்து மறைஞ்சிடுச்சு, நேவி, கோஸ்ட் கார்டு, ஏர்ஃபோர்ஸ்னு எல்லாரும் சேர்ந்து தேடியும் ஒரு துண்டு கூட அப்போ மாட்டல. 2024 ஜனவரிலதான் நியூஸ் வந்துச்சு, சென்னை கரைல இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3400 மீட்டர் ஆழத்துல உடைஞ்ச பாகங்கள் கிடக்குதுன்னு. படங்களைப் பார்த்தா ஏ.என்-32 ரகத்தோட ஒத்துப்போகுது, அந்த ஏரியால வேற விமானம் விழுந்ததா பதிவே இல்ல, அதனால அதுவாத்தான் இருக்கணும்னு பாதுகாப்பு அமைச்சகம் சொல்லுச்சு. படம் எடுத்தது யாருன்னா உங்க ஏரியாக்காரங்கதான், பள்ளிக்கரணைல இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். வேளச்சேரி-தாம்பரம் ரோட்டுல டிராஃபிக்ல நிக்கும்போது அந்த கேட்டை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க! அவங்ககிட்ட ஆளில்லாம கடலடில தானா நீந்துற ஒரு மெஷின் இருக்கு, அதை இறக்கி சோனார்லயும் (ஒலியை வெச்சு படம் பிடிக்கிற கருவி) கேமராலயும் எடுத்தாங்க.

ஏன் லேட்டுன்னா, விமானத்துல இருக்கிற எமர்ஜென்சி ரேடியோ சிக்னல் தண்ணிக்குள்ள போயிட்டா வெளிய வராது. தண்ணிக்குள்ள ஒலி மட்டும்தான் தூரம் போகும், அதுக்குன்னு சத்தம் அனுப்புற பிங்கர் கருவியோட பேட்டரியும் அப்போல்லாம் சாதாரணமா ஒரு மாசம்தான் தாங்கும். அதுக்கு முந்தின வருஷம், 2015 ஜூன் 8, சென்னைல இருந்து போன கோஸ்ட் கார்டு டார்னியர் விமானம் 3 பேரோட விழுந்துச்சு ஞாபகம் இருக்கா? அதோட பிங்கர் சத்தம் ஐஎன்எஸ் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு கேட்டுச்சு, அதனால ஜூலைலயே சுமார் 950 மீட்டர் ஆழத்துல பிடிச்சிட்டாங்க. சத்தம் கேட்டா எங்க தேடணும்னு தெரியும், கேட்கலன்னா கடல் முழுக்க தேடணும், அவ்ளோதான் வித்தியாசம். 29 குடும்பம் ஏழு வருஷத்துக்கு மேல காத்திருந்தது இந்த வித்தியாசத்துக்காகன்னு நினைச்சா எனக்கு கோவம்தான் வருது.

ஆபத்துன்னா பைலட் இஜெக்ட் ஆகி அடிபடாம இறங்கிடலாம்தானே?
(பெரம்பூர், கல்லூரி மாணவர்)

உயிர் பிழைக்கலாம் தம்பி, அடிபடாமன்னு கேரண்டி இல்ல. சீட்டுக்கு அடியில ராக்கெட் வெடிச்சு தூக்கி எறியுது, முதுகெலும்பு நசுங்குறதெல்லாம் சகஜம். 2025 நவம்பர்ல தாம்பரம் பக்கம் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தப்போ பைலட் இஜெக்ட் ஆகித்தான் தப்பிச்சாரு. ஏ.என்-32 விமானம், எம்.ஐ-17 ஹெலிகாப்டர் இதுலல்லாம் அந்த சீட்டே கிடையாது.

எது விழுந்தாலும் 'மனிதத் தவறு'ன்னு ஃபைலை மூடிடறாங்களே, இது நியாயமா?
(பெயர் வேண்டாம், அண்ணாநகர்)

இந்த வாரம் வந்ததுல நல்ல கேள்வி இதுதான். குன்னூரை எடுத்துக்கோங்க. 2021 டிசம்பர் 8, சூலூர்ல இருந்து வெலிங்டன் போன எம்.ஐ-17வி5 ஹெலிகாப்டர், முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர், யாரும் மிஞ்சல. முதல்ல வந்த விசாரணை, பள்ளத்தாக்குல வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள புகுந்துட்டாங்க, பைலட்டுக்கு திசை குழம்பிடுச்சுன்னு சொல்லுச்சு, 2024 டிசம்பர்ல நாடாளுமன்றக் குழு அறிக்கைல காரணம்ங்கிற கட்டத்துல ரெண்டே வார்த்தை, மனிதத் தவறு. மேகத்துக்குள்ள போனா வெளிய ஒண்ணும் தெரியாது, காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு பொய் சொல்லும், சாய்ஞ்சு பறக்கும்போதே நேராப் போறதா தோணும், எவ்ளோ அனுபவசாலியா இருந்தாலும் இது நடக்கும். அப்போ அந்த நேரத்துல அந்த மலைப்பாதைல வானிலைத் தகவல் என்ன இருந்துச்சு, திரும்பிப் போறதுன்னா யார் முடிவு, விஐபி பயணம்ங்கிற அழுத்தம் இருந்துச்சா, இப்படி கேட்டுக்கிட்டே போகலாம், அந்த ரெண்டு வார்த்தைல இதுக்கெல்லாம் பதில் இல்ல.

அமெரிக்க நேவி கதை இன்னும் தெளிவா இருக்கும். 2017 ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் பக்கம் ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் ஒரு டேங்கர் கப்பல் மேல மோதி 10 மாலுமிங்க செத்தாங்க. ஸ்டியரிங்கை ஒருத்தரும் வேகத்தை இன்னொருத்தரும் பார்க்கட்டும்னு டச் ஸ்கிரீன்ல மாத்தும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து அடுத்த ஸ்கிரீனுக்குப் போயிடுச்சு, பிடிச்சிருந்தவர் கன்ட்ரோல் போச்சுன்னு கத்துறாரு, பக்கத்து ஸ்கிரீன்ல இருந்தவருக்கு அது தன்கிட்ட வந்ததே தெரியல. பட்டனை அமுக்குனவன் தப்புன்னு அங்கயும் முடிச்சிருக்கலாம். ஆனா விசாரணை பண்ணவங்க, பயிற்சி பத்தல, மேல இருந்த கண்காணிப்பு பத்தலன்னு எழுதினாங்க, நேவியும் ஸ்கிரீன் வேணாம், பழைய மாதிரி கைல தள்ளுற லீவரே போடறோம்னு 2019ல அறிவிச்சுது. மனிதத் தவறுன்னு எழுதறதுல எனக்கு சண்டை இல்ல, அதை கடைசி வரியா எழுதறதுலதான் சண்டை.

நாங்க ஆவடில பண்ற டேங்க் ஆத்துக்குள்ளயே போகும்பாங்க, அப்புறம் லடாக்ல எப்படி மூழ்குச்சு?
(ஆவடி வாசகர்)

போகும் சார், ஆனா கண்டிஷன் இருக்கு. லடாக்ல மூழ்குன டி-72 டேங்க் அப்படியே இறங்குனா 1.2 மீட்டர் ஆழம்தான். மேல இருந்து காத்து இழுக்கிற ஸ்நார்கெல் குழாய் மாட்டி, ஓட்டையெல்லாம் அடைச்சா 5 மீட்டர் வரைக்கும் போகலாம், அதுக்கு முன்கூட்டி ரெடி பண்ணணும். 2024 ஜூன் 28 ராத்திரி பயிற்சி முடிஞ்சு ஷியோக் நதியைக் கடக்கும்போது திடீர்னு தண்ணி ஏறிடுச்சு, டேங்க் நடுவுல மாட்டிக்கிச்சு, காப்பாத்தப் போனவங்களாலயும் அந்த ஓட்டத்துல நெருங்க முடியல, 5 பேர் போயிட்டாங்க. பனி உருகி வர்ற ஆறு எப்போ ஏறும்னு உள்ளூர்க்காரங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

அண்ணே, வலைல ராக்கெட் மாதிரி ஒரு இரும்பு உருளை மாட்டுச்சுன்னா இழுத்துட்டு வரலாமா? எடைக்குப் போட்டா காசு வருமே.
(காசிமேடு)

வேணாம்ணே! காசு ஆசைல வெட்டிப் பார்த்து உயிர விட்டுடாதீங்க. உள்ள வெடிமருந்து மிச்சம் இருக்கலாம், எரிபொருள் இருந்தா மூச்சுல போனாலே ஆபத்து. போட்ல ஏத்தாதீங்க, வலைய அறுத்து விட்டுட்டு இடத்தை ஜிபிஎஸ்ல குறிச்சுக்கிட்டு கோஸ்ட் கார்டுக்கு 1554ல சொல்லிடுங்க, கரைல ஒதுங்கியிருந்தா 100. போட்டோ எடுக்கணும்னா தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க, பசங்களை பக்கத்துல விடாதீங்க.