கட்டியைச் சுற்றியுள்ள திசுவே புற்றுநோயை வளர்க்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தது. பெத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘ஸ்ட்ரோமா அதிகம்’ என்று இருக்கிறது. சுற்றியுள்ள நல்ல திசுவே புற்றுநோயை வளர்க்கும் என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மிச்சமிருக்கும் குடலும் ஆபத்தா?

பதில்: இல்லை. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோமா அதிகம் என்றால் நோய் பரவிவிட்டது என்றோ, மிச்சக் குடல் கெட்டுவிட்டது என்றோ பொருள் இல்லை. வெட்டியெடுத்த கட்டிக்குள் புற்றுசெல்கள் எவ்வளவு, அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசு எவ்வளவு என்று பார்த்துச் சொன்ன அளவு அது.

ஆனால் நீங்கள் படித்ததும் தவறில்லை. குடலின் உள்படலம் நான்கைந்து நாளில் புதிதாகிவிடுகிறது. எந்த செல் பெருக வேண்டும், எது நிறுத்த வேண்டும் என்பதை அதன் அடியிலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்) போன்ற செல்கள் புரதங்களை அனுப்பித்தான் தெரிவிக்கின்றன. ‘வின்ட்’ சமிக்ஞை வந்தால் பெருகும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் அதை அடக்கி வைக்கும் ஏபிசி மரபணு பழுதாகி, இந்த வின்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் வெளியிலிருந்து தூண்டுதல் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணி அந்த ஓட்டத்தை இன்னும் கூட்டிவிடுகிறது. முதிர்ந்து அடங்கிப்போன புற்றுசெல்லைக்கூட மறுபடி ஸ்டெம் செல் (பெருகிப் புதுச் செல்களைத் தரும் மூல செல்) போல மாற்றிவிடும் என்பது ஆய்வகத்தில் தெரியவந்தது.

‘டிஜிஎஃப்-பீட்டா’ என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தின் கதை இன்னும் விசித்திரம். ஆரோக்கியமான உள்படலத்தில் வளர்ச்சியை அடக்குவதே அது. பல புற்றுசெல்கள் அதற்குக் கட்டுப்படுவதை நிறுத்திவிட்டு, தாங்களே அதைச் சுரக்கின்றன. சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அதைக் கேட்டு, புற்றுசெல்கள் வேறு உறுப்பில் தங்கிப் பிழைக்க உதவும் பொருட்களைச் சுரக்கின்றன. நோய் எதிர்ப்பு செல்களும் கட்டிக்குள் நுழைய முடியாமல் தள்ளி நிற்கின்றன. 2015-இல் பெருங்குடல் புற்றுநோயை நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்தபோது, ஸ்ட்ரோமாவும் இந்தச் சமிக்ஞையும் மிகுந்த நான்காம் வகையில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல.

சரி, இதற்காகத் தனி மருந்து உண்டா? டிஜிஎஃப்-பீட்டாவை அடக்கும் மருந்து இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை. ரத்தக்குழாய் வளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுக்கும் பெவாசிஸுமாப் 2004 முதல் இருக்கிறது. ஆனால் அது பரவிய நோய்க்குத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ வேண்டுமா என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ஸ்டேஜ். ஆகவே அடுத்த முறை போகும்போது நிணநீர் முடிச்சுகள் குறைந்தது 12 பார்க்கப்பட்டனவா, எத்தனையில் நோய் இருந்தது, எம்எஸ்ஐ சோதனை (கட்டி செல்களில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியிருக்கிறதா என்று காட்டுவது) செய்தார்களா என்று கேளுங்கள். எம்எஸ்ஐ முடிவைப் பொறுத்து மருந்தே மாறலாம்.

மிச்சக் குடலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆபரேஷனுக்கு முன் குடல் முழுவதையும் கொலோனோஸ்கோப்பியில் பார்த்திருந்தால், அடுத்தது பொதுவாக ஒரு வருடத்தில். கட்டி அடைத்திருந்ததால் அப்போது முழுதாகப் பார்க்க முடியாமல் போயிருந்தால் மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், சில மாதங்களிலேயே செய்துவிடுங்கள்.