அப்டேட் நின்ற ஃபோனுக்கு அடுத்த வழி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃபோன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. ‘கஸ்டம் ரோம்’ (கம்பெனியுடையதற்குப் பதிலாக ஏற்றும் வேறு ஆண்ட்ராய்டு) போட்டுக்கொள் என்கிறார்கள். யாரோ செய்த மென்பொருளை எந்த நம்பிக்கையில் போடுவது? (மதுரை வாசகர்)

பதில்: ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் லினக்ஸ் கெர்னலுக்கு, நிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் என்பதால், ஃபோன் தயாரிப்பாளர் தன் கெர்னல் நிரலை வெளியிட்டே ஆகவேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். 2009-இல் எச்டிசி ட்ரீம் ஃபோனுக்காக ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோம் அப்படி வளர்ந்ததுதான். அதன் பெயரில் உருவான நிறுவனம் 2016 டிசம்பரில் சேவையை மூடியபோது, அதே மாதத்திலேயே அந்த நிரலை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். இன்றும் அதுதான் இந்த உலகின் முதுகெலும்பு.

ஒவ்வொரு மாடலுக்கும் ஓரிருவர் ‘மெயின்டெய்னர்’ ஆக இருப்பார்கள். அந்த ஃபோனைக் கையில் வைத்து சோதிப்பவர்கள் அவர்கள்தான். அவர் விலகி வேறு ஆள் வரவில்லை என்றால் அந்த மாடல் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் மாடல் லினியேஜின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இப்போது இருக்கிறதா என்பதை. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ‘அன்அஃபிஷியல்’ பில்டுகளிலும் (பட்டியலுக்கு வெளியே தனியாள் தொகுத்தவை) நல்லவை உண்டு. ஆனால் மூலநிரலை எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லாதவரின் பில்டைத் தொடவே வேண்டாம்.

ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஆண்ட்ராய்டு அடுக்குக்கு வரும். மோடம், கேமரா போன்றவற்றுக்கான மூடிய நிரல்கள் கம்பெனி கடைசியாகக் கொடுத்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். ஆக இது முழுப் பாதுகாப்பு ஆகாது. திருத்தமே வராத ஃபோனைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

கேள்வி: என்னிடம் இருப்பது பிக்சல் 4ஏ. படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கே தவறும்? (திருச்சி வாசகர்)

பதில்: பிக்சல் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் மாடலின் குறியீட்டுப் பெயர் ‘சன்ஃபிஷ்’. பதிவிறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 4ஏ 5ஜி வேறு ஃபோன், அதன் கோப்பு இதற்கு ஆகாது. பதிவிறக்கியதும், கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த கோப்பு சரியாக ஏறாது.

முதலில் படம், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஃபோனை எழுப்பும் முதல் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்த நொடியில் ஃபோனில் உள்ள எல்லாமே அழியும். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். இல்லையென்றால் வழியில் எங்காவது ஃபோன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம்.

பிறகு செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ வரியை 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’, ‘யூஎஸ்பி டீபக்கிங்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். முதலாவது மங்கலாக இருந்தால் இணையத்தில் இணைத்துப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லையா? வெளிநாட்டு மொபைல் சேவை நிறுவனம் பூட்டி விற்ற ஃபோனாக இருக்கலாம். அதற்கு வழியில்லை.

கணினியில் கூகுள் தரும் ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ வேண்டும். ஃபோனை கேபிளில் இணைத்து, கட்டளை வரியில் ‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’ (adb reboot bootloader), அடுத்து ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்’ (fastboot flashing unlock) என்று கொடுங்கள். ஃபோன் திரையில் வால்யூம் பட்டனால் தேர்ந்து, பவர் பட்டனால் உறுதி செய்யுங்கள். அடுத்து லினியேஜின் ரெக்கவரியை, அதாவது ரோமை நிறுவ உதவும் சிறு மென்பொருளை, ஏற்ற வேண்டும். அதை ஃபோன் நினைவகத்தின் எந்தப் பகுதியில் (பார்ட்டிஷன்) ஏற்றுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ‘பூட்’, சிலவற்றில் ‘வெண்டர் பூட்’, சிலவற்றில் ‘ரெக்கவரி’. உங்கள் மாடலுக்கான வழிகாட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள். யூடியூபில் வேறொரு ஃபோனுக்குச் செய்ததைப் பார்த்துச் செய்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. அந்த வழிகாட்டி, ஃபோனில் முதலில் எந்த ஃபர்ம்வேர் (கம்பெனி தந்த அடிப்படை மென்பொருள்) பதிப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்லும். அந்தப் பதிப்பு இல்லாமல் மேலே போகாதீர்கள்.

ரெக்கவரிக்குள் போய் ‘ஃபார்மேட் டேட்டா’ கொடுத்து, ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’யில் வைத்து, கணினியிலிருந்து ‘ஏடிபி சைட்லோட்’ (adb sideload) கட்டளையால் ரோம் கோப்பை அனுப்புங்கள். கணினித் திரையில் 47% வந்ததும் நின்றுபோய், ‘ஃபெயில்டு’ என்ற சொல்லோடு ஒரு வரி வரலாம். பதறி கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்! பல ஃபோன்களில் அது இயல்பு. ஃபோன் திரையில் பிழை எதுவும் காட்டாமல் முடிந்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுள் ஆப்கள் அடங்கிய ‘மைண்ட் த கேப்ஸ்’ தொகுப்பை முதல் பூட்டுக்கு முன்பே ஏற்ற வேண்டும். ரோம் ஏறியதும் ரெக்கவரிக்கே ஒருமுறை ரீபூட் செய்து, பிறகு அதை சைட்லோட் செய்யுங்கள். ‘சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று கேட்கும். இந்தத் தொகுப்புக்கு மட்டும் ‘எஸ்’ கொடுக்கலாம். ஒருமுறை பூட் ஆன பிறகு சேர்க்க நினைத்தால் மறுபடி எல்லாவற்றையும் அழித்துத்தான் தொடங்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவோமே என்று தோன்றும். லினியேஜில் அதைச் செய்யாதீர்கள். ஃபோன் எழாமலே போகலாம்.

கேள்வி: ரோம் மாற்றிய சாம்சங் ஃபோனில் ஜியோ நெட் வருகிறது, பேச முடியவில்லை. சிம் கோளாறா? (சேலம் வாசகர்)

பதில்: சிம்மில் குறை இல்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. குரல் அழைப்பு முழுக்க வோல்ட்இ (4ஜி நெட் வழியாகவே பேசும் முறை) போன்றவற்றில்தான் போகிறது. சாம்சங்கில் வோல்ட்இயை இயக்கும் ஐஎம்எஸ் பகுதி அவர்களுடைய சொந்த, மூடிய நிரல். கஸ்டம் ரோமில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. 2ஜி உள்ள ஏர்டெல் போன்ற சிம்மில் அழைப்பு கீழே இறங்கிப் போய்விடுவதால் இந்தக் குறை தெரியாது. வெளிநாட்டார் எழுதும் மதிப்புரைகளில் இது ஒரு வரியோடு போய்விடும். நமக்கோ ஃபோனே பயனற்றுப் போகும் விஷயம். ரோம் போடும் முன் உங்கள் மாடலுக்கான ‘இயங்காதவை’ பட்டியலில் வோல்ட்இ இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்சங்கில் இன்னொன்று. வேறு மென்பொருள் ஏறியதும் நாக்ஸ் என்ற சிப் அளவிலான குறி நிரந்தரமாக மாறிவிடும். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் இனி வராது.

கேள்வி: வங்கி ஆப், யுபிஐ வேலை செய்யுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: உறுதி தர முடியாது. கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’ சோதனை, பூட்லோடர் திறந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும். அதை வைத்து அனுமதிப்பதா மறுப்பதா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. இன்று ஓடும் ஆப் அடுத்த அப்டேட்டில் மறுக்கலாம். இந்தச் சோதனையை ஏமாற்றும் மாட்யூல்கள் (கூடுதல் நிரல்கள்) கிடைக்கின்றன. ஃபோனின் அடையாளத்தை நிரூபிக்கும், வெளியே கசிந்த சாவிகளை வைத்துத்தான் அவற்றில் பல ஓடுகின்றன, கூகுள் அந்தச் சாவிகளை ரத்துசெய்ததும் நின்றுவிடும். பணம் புழங்கும் ஃபோனில் இந்த விளையாட்டு வேண்டாம். கஸ்டம் ரோம் ஃபோனை இரண்டாவது ஃபோனாக, வழிகாட்டி வரைபடம், பாட்டு, பிள்ளைகளின் பாடம் என்று பயன்படுத்துங்கள். நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத் தெரிந்தால், வைட்வைன் என்ற படத் திருட்டுத் தடுப்பு எல்1 நிலையிலிருந்து கீழான எல்3-க்கு இறங்கியதுதான் காரணம்.

கேள்வி: அடுத்து வாங்கும் ஃபோனில் எதைப் பார்க்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எத்தனை ஆண்டு அப்டேட் என்பதை முதலில். பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டு வாக்குறுதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஃபோன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கட்டாயம். ஃபேர்போன் 2-ஐ நினைத்துப் பாருங்கள். 2015-இல் வந்த அந்த ஃபோனின் சிப்பைச் செய்த குவால்காம், ஆண்ட்ராய்டு 6-ஓடு அதைக் கைகழுவிவிட்டது. ஆனாலும் ஃபேர்போன் நிறுவனத்தார் 2023 வரை அப்டேட் கொடுத்தார்கள். அதற்குத் தோள் கொடுத்தது லினியேஜ் தன்னார்வலர்களின் உழைப்பு.

பூட்லோடர் திறக்க முடியுமா என்பது இரண்டாவது. ஹுவாவே 2018-இலேயே அன்லாக் குறியீடு தருவதை நிறுத்தியது. ஷாவ்மி காத்திருப்பு நாட்களும் நிபந்தனைகளும் வைக்கிறது. சாம்சங்கின் ஒன் யூஐ 8 மென்பொருளில் அந்த வசதியே போய்விட்டது. இந்தக் கதவு ஒவ்வொன்றாக அடைபடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஃபோனை வாங்கியவர் கையில்தான் அதன் சாவி இருக்க வேண்டும்.

கேள்வி: பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் போட முடியாமல் போகுமாமே? (வேலூர் வாசகர்)

பதில்: அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் ஆப் மட்டுமே என்ற விதியை கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்கும் என்றது. திறமூல ஆப்களைத் தரும் எஃப்-ட்ராய்டு உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆபத்து தெரிந்தே போட விரும்புவோருக்குத் தனி வழி வைப்பதாக நவம்பரில் கூகுள் சொன்னது. கூகுள் சான்று பெற்ற ஃபோன்களுக்குத்தான் இந்த விதி. கூகுள் சேவைகள் சேர்க்காத லினியேஜ் ஃபோனில் எஃப்-ட்ராய்டு எப்போதும்போல ஓடும்.