வண்டிக் கேள்விகள்: முயலுக்கு ஒரு பிக்கப், காளைக்கு ஒரு பிக்கப்

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): நாங்கள் நண்பர்கள் நான்கு பேர், இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். சிவராத்திரி முடிந்ததும் மலையடிவாரத்தில் முயல் வேட்டைக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற நாட்களில் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்ற வேண்டும். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. நடுவழியில் நிற்காத பிக்கப் ஒன்று சொல்லுங்கள், பழசானாலும் பரவாயில்லை.

பதில்: முதலில் முயலை விட்டுவிடுங்கள். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமுயலும் வருகிறது. பாரி வேட்டை, சாமி காரியம், தாத்தா காலத்து வழக்கம் என்று என்ன சொன்னாலும் வனத்துறை கேஸ் போடத்தான் செய்யும். அதோடு, குற்றம் நிரூபணமானால் அதற்குப் பயன்பட்ட வண்டியும் அரசாங்கத்துக்குப் போய்விடும். ஆறு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி ஒரு முயலுக்காக வனத்துறை ஆபீஸ் வாசலில் நின்று துருப்பிடிக்க வேண்டுமா?

சரி, தோப்புக்கு வருவோம். 'நடுவழியில் நிற்காத வண்டி' என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு எழுமலைப் பக்கம் நின்றுபோனால், பக்கத்துப் பட்டறைக்காரர் லுங்கியோடு வந்து பார்த்து, மறுநாள் காலை பத்து மணிக்குள் உசிலம்பட்டிக் கடையிலேயே சாமான் வாங்கிப் போட்டுவிட வேண்டும், அதுதான் நம்பகமான வண்டி. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் பக்கம் மகிந்திரா பொலிரோ பிக்கப்புக்குத்தான் என் ஓட்டு. இசுசு டி-மேக்ஸ் ஓட்ட அருமையான வண்டி, டொயோட்டா ஹைலக்ஸ் அதைவிட அருமை, ஆனால் ஹைலக்ஸ் உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வராது, இரண்டுக்குமே சாமானுக்கு ஊர்ப் பட்டறைக்காரர் கையை விரித்துவிடுவார்.

நான்கு பேர் என்கிறீர்கள். பின்னால் தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது, சரக்கு வண்டித் தொட்டியில் ஆள் ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். அதனால் சாதா பிக்கப்பை விட, டிரைவரோடு ஐந்து பேர் உட்காரும் பொலிரோ கேம்பரைத் தேடுங்கள். தொட்டி கொஞ்சம் குட்டைதான், உங்கள் தேங்காய்க்கு அது போதும். நான்கு சக்கரமும் இழுக்கிற கேம்பரும் வந்திருக்கிறது, கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம். பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டையே லோடுக்காகப் போட்டது, காலி வண்டி குதிக்கும், மழை பெய்த கரிசல் மண்ணில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நான்கு மணல் மூட்டையைப் போட்டு, டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் நன்றாக இருந்தால், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காகச் செய்கிற வேலைதான் இது.

பழைய வண்டி வாங்கும்போது எல்லாரும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நான் முதலில் படுத்துவிடுவேன், அதாவது வண்டிக்கு அடியில். என் மச்சானுக்காக மதுரையில் ஒரு வண்டி பார்க்கப் போனோம், பெயர் வேண்டாம், புது பெயின்ட், புது சீட் கவர், ஸ்டியரிங்கில் மஞ்சள் குங்குமம், ஒரே ஓனர் என்று சத்தியம் வேறு. மச்சான் அட்வான்ஸை எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் தொட்டிக்கு அடியில் போய் சேஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, ஸ்குரூடிரைவரால் தட்டினேன், 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்றது, கொஞ்சம் அழுத்தினேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. தொட்டியின் மூலையில் மூக்கை வைத்தேன், அத்தனை பெயின்டையும் தாண்டி மீன் வாடை! கடற்கரைப் பக்கம் ஐஸ் மீன் ஏற்றி ஏற்றி, உப்புத்தண்ணீர் சொட்டியே சேஸைத் தின்றுவிட்டிருக்கிறது. எஞ்சின் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் போனால் இறக்கி வேலை பார்த்துக்கொள்ளலாம், சேஸ் போனால் அந்த வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். மீன் வண்டி, உப்பு லோடு வண்டி இரண்டும் வேண்டவே வேண்டாம். செங்கல், எம்சாண்ட் அடித்த வண்டியென்றால் ஸ்பிரிங் பட்டையை எண்ணிப் பாருங்கள், கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை கூடுதலாகக் கட்டியிருந்தால் எவ்வளவு ஓவர்லோடு ஏற்றியிருப்பார்கள் என்று புரிந்துவிடும். காய்கறி மார்க்கெட்டுக்கோ பால் ஏற்றவோ ஓடிய வண்டியென்றால் கிலோமீட்டர் நிறைய இருக்கும், பயப்பட வேண்டாம், அடிபடாமல் ஓடியிருக்கும்.

பேப்பரில் எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எதுவரை, கடன் கம்பெனி பெயர் ஆர்.சி.யில் இன்னும் இருக்கிறதா, இந்த இரண்டும் முக்கியம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸில் பேட்ஜ், அதாவது சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி, வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும்: கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே போதும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி பேட்ஜ் தேவையில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உறுதியாகச் சொல்லிவிட்டது.

நாய்களைக் கண்மாய்க்கரையில் காலையில் ஓட விடுங்கள், அதுகளுக்கு அது போதும்.

கேள்வி (மேலூர் வாசகர்): எங்கள் ஜல்லிக்கட்டுக் காளையை அலங்காநல்லூர், பாலமேடு என்று கொண்டுபோக சொந்த வண்டி வாங்கலாம் என்றிருக்கிறோம். குட்டியானை (டாடா ஏஸ்) போதுமா?

பதில்: இடம் போதும். மாடு ஒன்றுக்கு இரண்டு சதுர மீட்டர் வேண்டும் என்று விதி இருக்கிறது, டாடா ஏஸின் தொட்டியில் அது கிடைத்துவிடும். ஆனால் காளை சும்மா நிற்காது, எதிரே வரும் லாரி ஹாரன் அடித்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும், அப்போது குட்டியானை ஆடுகிற ஆட்டத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு வயிறு கலங்கும். முடிந்தால் அசோக் லேலண்ட் தோஸ்த் அல்லது பொலிரோ பாருங்கள்.

எந்த வண்டியானாலும் இரும்புத் தகட்டின் மேல் காளையை நிறுத்தாதீர்கள், சாணமும் மூத்திரமும் பட்டால் குளம்பு வழுக்கிக் கால் விரிந்துவிடும், அப்புறம் வாடிவாசலாவது ஒன்றாவது. மெல்லிதாக மணல், மேலே வைக்கோல். முகம் எஞ்சின் பக்கம் இருக்கட்டும், மிரள்வது குறையும், கால்நடைகளை ஏற்றிச் செல்லும் விதியும் அதைத்தான் சொல்கிறது. குதிக்க வைத்து இறக்க வேண்டாம், வண்டியின் பின்பக்கத்தை ஒரு மேட்டோரம் ஒட்டி நிறுத்தினால் காளை தானாக நடந்து இறங்கும்.

கேள்வி (மதுரை அண்ணாநகர் வாசகி): டெக்ஸாஸில் இருக்கும் என் மகன் மான் வேட்டைக்குப் போக பிக்கப் வாங்கப்போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. இதெல்லாம் சரிதானா? அங்கே எது நல்ல வண்டி?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அங்கே லைசென்ஸ் எடுத்து, அதற்கான சீசனில், வெள்ளைவால் மானை வேட்டையாடலாம், சுட்ட மானில் டேக் (லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டு) கட்ட வேண்டும் என்பது வரை கணக்கு உண்டு. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது என்பதால் உரிமையாளரிடம் சம்மதம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வண்டிக்கு இங்கே சொன்ன அதே கணக்குத்தான், பக்கத்துப் பட்டறையில் எது அதிகம் நிற்கிறதோ அது. அங்கே ஹைலக்ஸ் விற்பதில்லை, அதன் இடத்தில் டொயோட்டா டகோமா இருக்கிறது. போர்டு எப்-150 என்றால் எந்தச் சிற்றூரிலும் சாமான் கிடைக்கும், தொட்டியும் ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று மூன்று அளவில் வருகிறது. எட்டடி வாங்கிவிட்டு ஊருக்குள் பார்க்கிங் தேடி அலைய வேண்டாம், ஆறரை போதும். மான் போக மீதி இடத்தில் ஐஸ்பெட்டி வைத்துக்கொள்ளட்டும். பழைய வண்டிதான் வாங்குகிறான் என்றால், அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பனி விழும் மாநிலங்களில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அங்கிருந்து வந்த வண்டியும் நம் மீன் வண்டியும் ஒன்றுதான்.