காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு: மகளுக்கு எங்கே உதவி தேடுவது?

பத்தாம் வகுப்பு மகள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'பரீட்சை பயம்தான்' என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு நோட்டில் தினமும் குறியுங்கள்: எப்போது தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், வலி எப்போது வந்தது. ஞாயிறு வராத வலி திங்கள் காலை வந்தால் அது நடிப்பல்ல. பதற்றம் பிள்ளைகளுக்கு நிஜமான வயிற்றுவலியாகவே வரும். நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிரே உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை போலாகிவிடும். காய் நறுக்கும்போது, வண்டியில் போகும்போது பேசுங்கள். உடனே அறிவுரை சொன்னால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, எலி மருந்து, பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மற்றபடி முதலில் குழந்தை மருத்துவர். ரத்தசோகை, தைராய்டு கோளாறும் சோர்வைத் தரும். பிறகு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகலாக இலவசமாக, தமிழிலேயே பேசலாம். யாராவது அடிக்கிறார்கள், பாலியல் தொல்லை தருகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பலன் தெரியச் சில வாரங்களாகும். கொஞ்சம் தேறியதும் பெற்றோரே நிறுத்திவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.